உதய்நகரில் ராணி மரியாவின் கல்லறைக்கு முன்

1995 பிப்ரவரி 25 காலை, மத்தியப் பிரதேசத்தின் உதய்நகரிலிருந்து இந்தூருக்குக் கிளம்பிய பேருந்தில் சிஸ்டர் ராணி மரியா ஏறினார். கேரளத்தில் இருக்கும் பெற்றோரைப் பார்க்கப் போகிற பயணம் அது. பேருந்து நாச்சன்போர் மலைப் பக்கம் வந்தபோது, சமுந்தர் சிங் என்ற இளைஞன் பயணிகள் கண்முன்னாலேயே அவரைக் கத்தியால் குத்தத் தொடங்கினான். வெளியே இழுத்துப் போட்டும் விடவில்லை. உடம்பில் 54 காயங்கள். பேருந்து நிறைய ஆள் இருந்தும் தடுக்க ஒருவரும் வரவில்லை. இயேசுவின் பெயரைச் சொல்லிக்கொண்டே அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 41.

அதே சாலையில்தான் எங்கள் அன்பியத்தார், அதாவது பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக் குழுவினர், வேனில் போனோம். இந்தூரில் காலையில் சூடான போகா என்ற அவல் பலகாரமும் ஜிலேபியும் சாப்பிட்டபோது இருந்த கலகலப்பு மலையேறத் தொடங்கியதும் அடங்கிவிட்டது. சாலையோரம் புரசு மரங்கள் இலை கொட்டி, கிளை முழுக்கச் செம்மஞ்சளாகப் பூத்திருந்தன. முன் சீட்டில் இருந்த மேரி அக்கா ஜெபமாலையை எடுத்து, துயர மறையுண்மைகளைச் சொல்ல ஆரம்பித்தார். பின்னாலிருந்து நாங்கள் பதில் சொன்னோம்.

ராணி மரியா எர்ணாகுளம் மாவட்டத்துப் புல்லுவழியில் 1954-இல் பிறந்தவர். பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையில் சேர்ந்து, வட இந்தியாவில் பணி செய்ய விரும்பிக் கேட்டு வந்தார். 1992-இல் உதய்நகருக்கு வந்தபோது இங்கே பழங்குடி மக்கள் கந்துவட்டியில் மூழ்கிக் கிடந்தார்கள். விதைக்கும் வட்டிக்காரரிடம்தான் போகவேண்டும், கல்யாணத்துக்கும் அவரிடம்தான். சிஸ்டர் அவர்களைக் குழுவாகச் சேர்த்துச் சேமிக்கப் பழக்கினார், வங்கிக் கடன் வாங்க வழி காட்டினார், அரசுத் திட்டங்களில் அவர்களுக்கு உள்ள பங்கைக் கேட்டுப் பெறச் சொல்லிக் கொடுத்தார். கடன் கொடுத்தே ஆண்டுகொண்டிருந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. கத்தி பிடித்த கை சமுந்தருடையது, ஏவிவிட்டவர்கள் அவர்கள்.

திரு இருதய ஆலயத்துக்குள்ளேதான் இப்போது அவர் கல்லறை இருக்கிறது. முதலில் வெளியே அடக்கம் செய்திருந்தார்கள், 2016-இல் உள்ளே கொண்டுவந்தார்கள். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் அவரைப் புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளராக உயர்த்தினார்கள். நாங்கள் போன நேரம் கூட்டமில்லை. சேலைத் தலைப்பால் முக்காடிட்ட ஒரு பழங்குடிப் பெண், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே குனிந்து, கல்லறையின் மேல் அதன் உள்ளங்கையை விரித்து வைத்து அழுத்தினார். பிள்ளை சிரித்தது. பிறகு தன் கையையும் அதன் பக்கத்தில் வைத்துக் கண்மூடி நின்றார். எங்களுக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் நகர்ந்த பிறகு அதே இடத்தில் நானும் கை வைத்தேன்.

என்னை அவ்வளவு தூரம் வரவைத்தது கொலைக்குப் பின்னால் நடந்ததுதான். ராணி மரியாவின் உடன்பிறந்த தங்கை செல்மி பால், அவரும் அதே சபையில் கன்னியர். 2002 ரக்ஷா பந்தன் நாளில் அவர் இந்தூர் சிறைக்குப் போய், ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த சமுந்தர் சிங்கின் கையில் ராக்கி நூல் கட்டினார். வடக்கே ராக்கி கட்டுவது சும்மா ஒரு சடங்கு இல்லை. கட்டியவள் தங்கை, கட்டிக்கொண்டவன் அண்ணன், அவ்வளவுதான். அக்காவைக் குத்திய கையில் அதைக் கட்டியிருக்கிறார். அதற்கு முன்பே சுவாமி சதானந்த் என்ற குருவானவர் சிறைக்குப் போய்ப் போய் அந்த மனிதரிடம் பேசி, மன்னிப்பைத் தாங்கிக்கொள்ளும் அளவுக்கு அவர் மனதைப் பக்குவப்படுத்தியிருந்தார். ராணி மரியாவின் தாய் எலீஸ்வா சமுந்தரைச் சந்தித்தபோது, மகளின் இரத்தம் பட்ட கைகள் என்று சொல்லி அந்தக் கைகளை முத்தமிட்டார். இதை எழுதும்போதும் எனக்குக் கண் நிறைகிறது. பெற்ற வயிறு அதைச் செய்தது என்றால், கடவுளின் அருள் இல்லாமல் அது நடந்திருக்காது என்பதே என் விசுவாசம்.

ஆலயத்தைச் சுற்றிக் காட்டிய மலையாளிச் சகோதரி கொஞ்சம் தமிழ் பேசினார். மேரி அக்கா அவரிடம் நேராகவே கேட்டார்: "ஏன் சிஸ்டர், அவங்க வீட்ல யாருக்கும் கோபமே வரலையா?"

"வராம இருக்குமா அக்கா? தொண்ணூற்றஞ்சுல கொலை, ராக்கி கட்டினது ரெண்டாயிரத்து ரெண்டுல. நடுவுல ஏழு வருஷம் இருக்கே. அந்த ஏழு வருஷமும் ஜெபம்தான்."

அந்த ஏழு வருஷத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. நம் பிரசங்கங்களில் மன்னிப்பு உடனே நடந்துவிடுகிறது. பாதிக்கப்பட்டவரிடம் "மன்னிச்சிருங்க, மறந்திருங்க" என்று அடுத்த ஞாயிறே சொல்லி அனுப்பிவிடுகிறோம். ஆனால் இங்கே நீதிமன்றம் தண்டனை கொடுத்தது, அந்த மனிதர் பதினோரு ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தார். செய்தது கொலை என்பதை யாரும் குறைத்துச் சொல்லவில்லை. அப்புறம்தான் குடும்பத்தாரும் சபையாரும் அவர் விடுதலைக்காக எழுதிக் கொடுத்தார்கள், 2006-இல் வெளியே வந்தார். நேராக இந்தக் கல்லறைக்கு வந்து அழுதார், புல்லுவழிக்கும் போனார். பகைவரை நேசியுங்கள், உங்களைத் துன்புறுத்துவோருக்காகச் செபியுங்கள் என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதை வருஷக்கணக்காகச் செய்து முடித்திருக்கிறார்கள்.

எனக்கும் ஒருவர் இருக்கிறார். என் கணவர் இறந்து முப்பதாம் நாள் திருப்பலி முடிவதற்குள், நாங்கள் இருந்த வீட்டின் பத்திரத்தைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்ட நெருங்கிய சொந்தம். வழக்கு நடக்கிறது. தினமும் பரலோக மந்திரத்தில் "எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல" என்ற இடம் வரும்போது என் குரல் தானாகத் தணியும். கொலையைப் பொறுத்தவர்களின் முன்னால் நின்றுகொண்டு, என் வலி சின்னது என்று எனக்குத் தோன்றவில்லை. அதுவும் வலிதான். ஆனால் ஒரு நூலைக் கட்டுகிற அளவுக்காவது நானும் கையை நீட்டலாமே என்று தோன்றியது.

மாலைத் திருப்பலியை யாருக்காக ஒப்புக்கொடுக்க வேண்டும் என்ற கருத்தை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கணவரின் ஆன்ம இளைப்பாற்றிக்கு முதலில் எழுதினேன். அடுத்த வரியில் அந்தச் சொந்தத்தின் பெயரை, அவர் மனைவி பிள்ளைகள் பெயரோடு, உடல்நலம் வேண்டி என்று எழுதினேன். பேனா நடுங்கியது உண்மை. ஆங்கில எழுத்தில் எழுதியதைக் குருவானவர் இந்தி உச்சரிப்பில் பீடத்தில் வாசித்தார். பக்கத்தில் மேரி அக்கா என் கையைப் பிடித்தார்.

ஊர் திரும்பிய பிறகும் ஒவ்வொரு மாதமும் எங்கள் பங்கில் அதே கருத்துக்குத் திருப்பலி கொடுக்கிறேன். அடுத்த வாய்தாவுக்கும் போவேன், பத்திர நகலும் வக்கீலிடம் கொடுத்தாயிற்று. அவரைக் கோர்ட் வாசலில் பார்த்தால் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.