சுகமாகாதவனின் சாட்சி

என் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். சர்க்கரையில் தொடங்கி இங்கே வந்து நின்ற கதை பல வீடுகளில் நடப்பதுதான், அதை விடுகிறேன். கழுத்தில் குழாய், கையில் ஃபிஸ்டுலா ஆபரேஷன் (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைப்பது), அது பக்குவப்படக் காத்திருந்த வாரங்கள் எல்லாம் பெரிய தொந்தரவில்லாமல் கடந்தன. இந்த வியாதியோடு விசுவாசத்தைக் காத்துக்கொள்வதில் எனக்கு அதிக இடைஞ்சல் கொடுத்தவர்கள் ஜெபிக்க வந்தவர்களில் சிலர். அந்த ஆதங்கம் இன்னும் ஆறவில்லை. இதே பாதையில் வரப்போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

உறவினர் ஒருவர் வெளியூர் ஊழியக்காரரை வீட்டுக்கு அழைத்து வந்தார். தலையில் கைவைத்து வெகுநேரம் சத்தமாக ஜெபித்துவிட்டு அவர் சொன்னது இது: "மறைவான பாவம் ஏதாவது இருந்தா அறிக்கையிட்டுருங்க பிரதர். தடை அங்கதான் இருக்கு." என் மனைவி காப்பித் தட்டோடு பக்கத்தில் நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்கு வேதனையாக இருந்தது. அதோடு விட்டாரா என்றால் இல்லை. "மெஷினை நம்புறீங்களா, இயேசுவை நம்புறீங்களா? வர்ற வெள்ளிக்கிழமை போகாதீங்க. விசுவாசத்தைக் காட்டுங்க" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. என் மனைவிதான் பேசினாள். பல வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தியவள். "ஐயா, எசேக்கியா ராஜாவுக்கு ஆண்டவரே ஆயுசைக் கூட்டிக் கொடுத்தாரு. அப்பவும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, பிளவை மேல பத்துப் போட வைக்கலையா? இவரு வெள்ளிக்கிழமை போவாரு" என்றாள். அவர் காப்பி குடிக்காமலேயே கிளம்பிவிட்டார். அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

எல்லோருக்கும் அப்படிப் பேச ஒருவர் பக்கத்தில் இருப்பதில்லை. எங்கள் டயாலிசிஸ் மையத்தில் அடுத்த கட்டிலில் படுக்கிற தம்பி ஒருவர், உபவாசக் கூட்டத்துக்குப் போகச் சொன்னார்கள் என்று அடுத்தடுத்து இரண்டு முறை டயாலிசிஸுக்கு வரவில்லை. நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுவிட முடியாமல் நள்ளிரவில் தூக்கி வந்தார்கள். பிழைத்துவிட்டார், தேவனுக்கு ஸ்தோத்திரம். போகச் சொன்னவர்கள் யாரும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. சிறுநீரகம் நின்றுபோனவன் உடம்பிலிருந்து தண்ணீரும் பொட்டாசியமும் போதுமான அளவு வெளியேற வேறு வழி கிடையாது. பொட்டாசியம் ஏறினால் முன்னறிவிப்பே இல்லாமல் இதயம் நின்றுவிடலாம். வாரக் கடைசியில் வழக்கமாக வரும் இரண்டு நாள் இடைவெளியே எங்களுக்கு ஆபத்தான நேரம். யார் எந்த வசனத்தைக் காட்டிச் சொன்னாலும் ஒரு டயாலிசிஸைக்கூடத் தவிர்க்காதீர்கள். இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் உபவாசம் இருக்கவும் வேண்டாம்.

பார்க்க வருகிறவர்களுக்கும் சில வார்த்தைகள். இளநீர், வாழைப்பழம், பேரீச்சம்பழம் வாங்கி வராதீர்கள். அன்பாகத்தான் கொண்டுவருகிறீர்கள், ஆனால் மூன்றிலும் பொட்டாசியம் அதிகம். கையைப் பிடித்து ஜெபிக்கும்போது ஃபிஸ்டுலா உள்ள கையை இறுக்கிப் பிடிக்காதீர்கள், அந்த ரத்தக்குழாய் அடைத்துப்போனால் மறுபடி ஆபரேஷன். எண்ணெய் பூசி ஜெபிப்பது யாக்கோபு நிருபத்தில் உள்ளதுதான், நானும் கேட்டுப் பூசிக்கொண்டேன். நெற்றியில் ஒரு துளி போதும். கழுத்துக் குழாயின் கட்டுப் பக்கம் எண்ணெயும் வேண்டாம், கையும் வேண்டாம். அங்கே கிருமி புகுந்தால் நேராக ரத்தத்தில் கலந்துவிடும்.

இதற்கு நடுவே காப்பீட்டு அட்டை அலைச்சல். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில்தான் எனக்கு டயாலிசிஸ் நடக்கிறது. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று எளிதாகவே கிடைத்தது. மாட்டிக்கொண்டது பெயரில். ஆதாரில் என் ஞானஸ்நானப் பெயர், ரேஷன் கார்டில் வீட்டில் கூப்பிடும் பெயர். கவுண்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல் "ரெண்டும் வேற வேற ஆளு" என்று திருப்பி அனுப்பினார். ஊசி குத்திய கையோடு வரிசையில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். நம் வீடுகளில் இது சர்வசாதாரணம். வியாதி வரும்வரை காத்திருக்காமல் எல்லாப் பேப்பரிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

சரி, விசுவாசம் என்ன ஆனது? முதல் சில மாதங்கள் எனக்கு ஜெபமே வரவில்லை. டயாலிசிஸ் நடக்கையில் பிரஷர் இறங்கி, கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும்போது "ஆண்டவரே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. துதி சங்கீதங்களைத் திறந்தால் மனசு ஒட்டவில்லை. எங்கள் சபைப் போதகரான சேகரகுரு ஐயா ஒருநாள் வந்து, எந்தப் புத்திமதியும் சொல்லாமல், 88ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசித்துவிட்டுப் போனார். பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் கடைசியில் எப்படியாவது ஸ்தோத்திரத்துக்கு வந்துவிடும். இது வராது. இருட்டிலேயே முடிந்துவிடும். அதுவும் வேதத்தில் இருக்கிறது, அதையும் பாடினவன் ஆண்டவரிடம்தான் சொல்லியிருக்கிறான். அன்று முதல் என் ஜெபம் அதுதான். யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகு பேசியதற்குத்தான் கடைசியில் தேவன் அவர்களில் ஒருவனான எலிப்பாஸைக் கடிந்துகொண்டார்.

"விசுவாசம் இருந்தா சுகம் நிச்சயம்" என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். தன் தோழன் துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியாக விட்டுவந்ததாக எழுதுகிற பவுலுக்கு விசுவாசம் இல்லையா? மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லையே? அவ்வளவு தூரம் போக வேண்டாம், எங்கள் திருநெல்வேலிச் சீமையிலேயே டோனாவூர் மிஷனரி ஆமி கார்மைக்கேல் அம்மா 1931ல் விழுந்து அடிபட்டவர், 1951ல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். அவருக்காகவும் ஜெபித்தார்கள். அவர் விசுவாசத்தில் குறை என்று எங்கள் பக்கம் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நாங்கள் மட்டும் ஏன் அந்தக் கணக்கில் வருவதில்லை?

என்னைத் தூக்கி நிறுத்தியது ஒரு பெரிய வெள்ளி. பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை மும்மணி ஆராதனை. சின்ன வயதிலிருந்து நான் தவறவிட்டதில்லை. எனக்கோ அதே நேரத்தில் டயாலிசிஸ். காலை ஷிஃப்ட் கேட்டேன், இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். (பண்டிகை நாட்களுக்கு ஒரு மாதம் முன்பே கேட்டு வையுங்கள், சில சமயம் கிடைக்கும்.) மகன் சபையில் இருந்து போனில் கேட்க ஏற்பாடு செய்தான். சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளில் ஐந்தாம் வார்த்தை வந்தது: "தாகமாயிருக்கிறேன்." ஆத்துமாக்களுக்கான தாகம் என்று பிரசங்கியார் விளக்கினார், அதுவும் சரிதான். ஆனால் நாள் முழுவதும் ஒரு லிட்டர் தண்ணீருக்குள் வாழ்கிறவன் நான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இயேசு நாக்கு உலர்ந்து, பக்கத்தில் நின்றவர்களிடம் வாய்விட்டுக் கேட்டார். கிடைத்தது காடி, புளித்த திராட்சரசம். அதை வாங்கிக்கொண்டார். என் தாகம் அவருக்குத் தெரியாத ஒன்று இல்லை என்பதை அந்தக் கட்டிலில்தான் நான் நம்பினேன். சுகம் வரவில்லை. அன்றும் வழக்கம்போல் இரண்டரைக் கிலோ நீர் எடுத்தார்கள்.

அப்புறம் சபையில் ஸ்தோத்திர காணிக்கை கொடுக்கப் போனேன். சீட்டு எழுதுகிறவர் "பூரண சுகம் கிடைத்ததற்காகன்னு போட்டுரட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டார். இல்லை, ஃபிஸ்டுலா இன்னும் ஓடுவதற்காக என்று எழுதுங்கள் என்றேன். "அப்படியெல்லாம் வாசிக்க மாட்டாங்க. சுகம்னு போட்டாத்தான் சாட்சியா இருக்கும்" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் விடவில்லை. பொய்யாக ஒரு சாட்சி வேண்டாம் என்று சொல்லி, சீட்டை வாங்கி நானே எழுதிக் கொடுத்தேன். ஐயா அதை அப்படியே ஆராதனையில் வாசித்தார்.

ஆராதனை முடிந்ததும், வாதத்தில் விழுந்த கணவரை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொள்கிற அக்கா ஒருவர் வந்து, "இப்படியும் எழுதிக் கொடுக்கலாமா தம்பி?" என்று கேட்டார். அடுத்த ஞாயிறு அவர் கணவர் தன் கையாலேயே ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டதற்காக ஒரு காணிக்கை வாசிக்கப்பட்டது. இப்போது சீட்டு எழுதுகிறவர் யாரையும் திருத்துவதில்லை. சொல்கிறபடியே எழுதிக்கொள்கிறார்.