அச்சோவிய முதுகலை நுழைவு: ஸ்டேட் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள்

அச்சோவியம், அதாவது தகட்டிலோ கட்டையிலோ உருவத்தைச் செய்து மை பூசித் தாளில் பிரதி எடுக்கும் கலை, அதில் முதுகலை நுழைவு முடிவு வந்துவிட்டது, இடம் கிடைத்திருக்கிறது. பட்டியலில் பெயரைப் பார்த்த பிறகுதான் ஒழுங்காகத் தூங்கினேன். போர்ட்ஃபோலியோ, செய்முறை, நேர்காணல் என்ற வரிசை எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். நிறையப் பேரைத் திணறடிப்பது அந்த ஒரு பக்கக் கட்டுரைதான்: உங்கள் பின்னணி என்ன, கலையை எந்த நம்பிக்கையில் செய்கிறீர்கள்.

பின்னணி என்றதும் கண்காட்சிகளை அடுக்காதீர்கள். என் அப்பா அச்சுக்கோப்பவர். ஈய எழுத்துகளை இடவலம் மாற்றி வாசிப்பது எங்கள் வீட்டில் சாதாரண விஷயம். அதனால் தாளில் சரியாக விழும்படி தகட்டில் நேராகவே இடவலம் மாற்றி வரைந்துவிடுவேன், கண்ணாடி வைத்துப் பார்க்க மாட்டேன். இவ்வளவுதான் எழுதினேன், முதல் கேள்வியே அங்கிருந்துதான் வந்தது. கையில் ஏறிய பழக்கம் எதுவோ அதை எழுதுங்கள்.

அடுத்தது, "இதைப் பெயின்டிங்காகவே செய்திருக்கலாமே?" இது கட்டாயம் வரும். நிறையப் பேரைச் சென்றடையும் கலை என்பார்கள் பலர். ஜெர்மன் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ் 1924இல் போருக்கு எதிராக லித்தோ (கல்லச்சு) சுவரொட்டி போட்டார், அவருக்கு அந்தப் பதில் பொருந்தும். பத்துப் பிரதி எடுத்து எண் போட்டுக் கையெழுத்திடுகிறவர் அதையே சொன்னால் அடுத்த கேள்வியில் மாட்டுவார்.

என் பதில் வேறு. பெயின்டிங்கில் நேற்று வரைந்ததை இன்று வரைவது மூடிவிடும். தகட்டிலும் பழையது போய்விடும், ஆனால் அதற்கு முன் எடுத்த ப்ரூஃப் தாளில், அதாவது சோதனைப் பிரதியில், அது அப்படியே இருக்கும்; இப்படித் தகடு மாறும் ஒவ்வொரு கட்டத்தையும் ஸ்டேட் என்போம். மனம் மாறியதற்குச் சாட்சி வைத்திருக்கும் கலை இது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் 1653இல் செய்த 'மூன்று சிலுவைகள்' டிரைபாயின்ட்டை (ஊசியால் தகட்டில் நேரடியாகக் கீறி எடுக்கும் அச்சு) எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவது ஸ்டேட்டில் அதே செப்புத் தகட்டைத் தேய்த்து, புது உருவங்களை வைத்து, பெரும்பகுதியை இருட்டாக்கிவிட்டார். முந்தைய ஸ்டேட்டையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு மனிதர் யோசிப்பதையே பார்க்கிறோம். இதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

அதனால் நான் முடிந்த பிரிண்ட்களை மட்டும் கொண்டுபோகவில்லை. ஒரே தகட்டின் ஸ்டேட்களை, கறுத்துப்போன அக்வாடின்ட் (ரோசின் என்ற பிசின் பொடியும் அமிலமும் கொண்டு சாயல் வரவைக்கும் முறை) உட்பட, வரிசையாக மேசையில் பரப்பினேன். அதன் பிறகு பேச்சு முழுக்க அந்தத் தாள்கள் மேல்தான். எனக்கு இடம் வாங்கித் தந்தது இதுதான் என்பதில் சந்தேகமே இல்லை.

அப்புறம் சில விஷயங்கள்:

- ஒவ்வொரு ப்ரூஃபின் பின்னாலும் பென்சிலில் எழுதுங்கள்: அமிலத்தில் எவ்வளவு நேரம், எந்த மை, எந்தத் தாள், அடுத்து எதை மாற்றினீர்கள். கட்டுரைக்கான சரக்கு முழுக்க அங்கேதான் கிடைக்கும்.
- பிளேட் மார்க்கை, அதாவது தகட்டின் ஓரம் தாளில் பதிந்த தடத்தை, வெட்டாதீர்கள். ஓரத்தில் விரல்ரேகை கூடாது.
- டிஜிட்டல் படம் கேட்டால் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள், புடைப்பு தெரியும்.
- இந்திய அச்சோவியர் கிருஷ்ணா ரெட்டி பெயரைச் சொன்னால், அவருக்குப் பெயர் வாங்கித் தந்த விஸ்காசிட்டி (மையின் இளக்கத்தை வைத்து வண்ணங்களைப் பிரிக்கும்) முறையும் தெரிந்திருக்க வேண்டும். கடினமான ரோலர் தகட்டின் மேல்பரப்பை மட்டும் தொடும், மென்மையான ரோலர் பள்ளத்துக்குள்ளும் இறங்கும். எண்ணெய் அதிகமுள்ள மை மேல் கட்டியான மை ஒட்டாது. ஒரே தகட்டில் பல வண்ணம் வருவது இப்படித்தான்.
- ஸ்பானிய ஓவியர் கோயாவின் 'போரின் பேரழிவுகள்' அச்சுத் தொடரின் தகடுகள் 1810 முதல் 1820 வரை செய்தவை, தொகுப்பாக வெளிவந்ததோ 1863இல், அவர் இறந்து 35 ஆண்டுகள் கழித்து. அச்சுக்கும் காலத்துக்கும் உள்ள உறவைக் கேட்டால் இதைச் சொல்லலாம்.

செய்முறையில் நான் டிரைபாயின்ட் எடுத்தேன். அமிலம் வேண்டாம், ரோசின் வேண்டாம், ஊசியும் தகடும் போதும். நிதானமாக வேலை செய்பவன் என்பதால் எனக்கு ஒத்துவந்தது. வேகமான கை இருப்பவர்கள் லினோ (லினோலியம் விரிப்பைச் செதுக்கி எடுக்கும் அச்சு) எடுக்கலாம், ஆனால் ஒரே விரிப்பை மேலும் மேலும் செதுக்கி வண்ணம் வண்ணமாக அச்சிடும் பல வண்ண ரிடக்ஷன் அங்கே வேண்டாம், ஒரு வண்ணம் காய்வதற்குள் நேரம் முடிந்துவிடும். டிரைபாயின்ட்டில் பர், அதாவது ஊசி கீறும்போது கோட்டோரம் எழும் உலோகச் சிலும்பு, சீக்கிரம் தேய்ந்துவிடும், ஆகவே முதல் சில பிரதிகளில் நல்லதை அப்போதே தனியே எடுத்துவைத்துவிடுங்கள், இன்னும் ஒன்று பார்க்கலாம் என்று அழுத்திக்கொண்டே போகாதீர்கள்.

வீட்டில் பிரஸ் இல்லாதவர்கள் லினோவையும் மரக்கட்டையையும் கரண்டியின் முதுகால் தேய்த்தே பிரதி எடுக்கலாம். போர்ட்ஃபோலியோவில் அப்படி எடுத்தவை எவை என்று தாளிலேயே குறித்துவிடுங்கள்.