கட்டட நிதிப் பற்றுச்சீட்டு

எங்கள் கல்லூரித் தமிழாசிரியர் சேர் காலமான செய்தி லண்டனுக்கு எட்டிய வாரமே பழைய மாணவர் சங்க மலர்க்குழு அவரைப் பற்றி என்னிடம் ஒரு பக்கம் கேட்டது. எழுத உட்கார்ந்தால் அவருடைய தமிழ்ப் பாடத்துக்கு முன்னால் 1985ஆம் ஆண்டுத் திங்கட்கிழமை ஒன்றின் காலைப் பிரார்த்தனைதான் வந்து நிற்கிறது.

அன்று நற்சிந்தனை என்னுடைய முறை. நேர்மை பற்றிச் சேர் தம் கைப்பட எழுதித் தந்த அரைப்பக்கத்தைப் பிழையில்லாமல் வாசித்து முடித்தேன். அடுத்து ஒலிவாங்கிக்கு வந்த உப அதிபர் வசதிக் கட்டணம் கட்டாதவர்களின் பெயர்களை வாசித்தார், முதற்பெயர் என்னுடையது. மண்டபம் சிரித்தது. நான் இன்னும் மேடையை விட்டு இறங்கியிருக்கவில்லை.

கட்டணம் கட்ட வழியில்லாமற் போனதற்கும் கல்லூரிதான் காரணம். என்னைச் சேர்ப்பதற்காக அம்மாவின் காப்புகளை விற்று அப்பா கொடுத்தது 5,000 ரூபா. கிடைத்த பற்றுச்சீட்டில் ‘கட்டட நிதி, ரூபா 500’ என்றிருந்தது. இலங்கையில் கல்வி 1945இலிருந்து இலவசம் என்று அதே கல்லூரியில்தான் நாங்கள் மனனம் செய்தோம்.

பிற்காலத்தில் நான் கணக்காய்வாளனானேன். அமெரிக்காவின் என்ரன் நிறுவனம் 2000 ஜூலையில், தலைவர் கென்னத் லேயின் முன்னுரையோடு, 64 பக்க நெறிமுறைக் கோவையை ஊழியர்களுக்கு வழங்கிவிட்டு, 2001 டிசெம்பரில் கணக்கு மோசடி வெளிப்பட்டு வங்குரோத்தானபோது அலுவலகமே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. எனக்கோ அந்த அரைப்பக்கம்தான் ஞாபகம் வந்தது. நிறுவனத்துக்கு ஏது மனம், அது உண்மையாய்ச் சொல்ல? ஆனால் அந்த 64 பக்கங்களையும் நம்பி எழுதிய ஒருவராவது உள்ளே இருந்திருப்பார். கணக்கிலுள்ள கோளாறுகளை அவ்வாண்டு ஓகஸ்டிலேயே லேக்கு எழுதிக் கொடுத்த ஷெரன் வொட்கின்ஸும் உள்ளிருந்தவர்தானே.

சேர் யாருக்கும் அப்படி எழுதவில்லை. அனுமதி நேர்முகம் நடக்கும் நாட்களில் மட்டும் அவருக்குத் தலையிடி வந்துவிடும். அதைக் கோழைத்தனம் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன்.

நாட்டை விட்டுப் புறப்படுமுன் சொல்லிக்கொள்ளப் போனபோது கேட்டேவிட்டேன்: “காசு வாங்கிறது உங்களுக்குத் தெரியும்தானே சேர்? பிறகேன் அதை எழுதித் தந்தனீங்கள்?”

“கேக்கிறதுக்கு நீ ஒருத்தன் வந்திட்டாய்தானே, தம்பி” என்றார்.

கேட்டவன் மறுவாரம் விமானம் ஏறினான்.

மண்டபத் திருத்தத்துக்கு இவ்வாண்டு நம் சங்கம் அனுப்பிய பணத்துக்குப் பற்றுச்சீட்டு வந்திருக்கிறது. கணக்காய்வாளன் என்ற முறையில் இரண்டு தடவை சரிபார்த்தேன், தொகை சரி. தை மாதம் சேர்ந்த பிள்ளைகளின் தகப்பன்மார் கையிலுள்ள பற்றுச்சீட்டுகள் இங்கே வருவதில்லை.