பின்னா, உள்தையலா?

மூத்தவன் பிறந்தபோது தையலைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அவசர சிசேரியன். கட்டு மாற்றும்போதுதான் அடிவயிற்றில் ஸ்டேப்ளர் பின் வரிசையாக மின்னுவதைப் பார்த்தேன். ஆறாம் நாள் பின் எடுத்து, திருமங்கலம் வந்த இரண்டாம் நாளே இடது ஓரம் விரல்நுனி அளவுக்குப் பிளந்து நீர் கசிந்தது. சித்திரை வெயிலில் வயிற்று மடிப்பு காயவே இல்லை. "பருப்புத் தின்னுருப்ப, அதான்" என்றார் அத்தை. மூன்று வாரம் கட்டு மாற்ற மதுரைக்குப் பேருந்து. வேகத்தடை வந்தாலே முந்தானையைச் சுருட்டி வயிற்றில் அழுத்திக்கொள்வேன்.

இரண்டாவதுக்கு வேறு டாக்டர். ஏழாம் மாதமே, "பின் மட்டும் வேண்டாம் மேடம்" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே மருந்துச் சீட்டின் பின்பக்கம் நாலு கோடு போட்டார். கர்ப்பப்பை, தசைமேல் இருக்கும் உறை, இவற்றை எப்படியும் கரையும் நூலில்தான் தைப்பார்களாம். கொழுப்பு 2 செ.மீ.க்கு மேல் இருந்தால் அதற்கும் ஒரு தையல். "நீங்க கேக்குறது கடைசிக் கோடு, மேல்தோல் மட்டும்."

பின் என்றால் வேலை சீக்கிரம் முடியும். தோலுக்கு அடியிலேயே ஓடும் கரையும் தையலுக்குச் சில நிமிடம் கூடப் பிடிக்கும். ஆனால் குறுக்கு வெட்டில் அப்படித் தைத்தால் புண் பிரிவது குறைவு. பிரித்தெடுக்கவும் எதுவுமில்லை. தழும்பு மட்டும், நாள் போனால், இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றார். (நான் அழகுக்காகக் கேட்கிறேன் என்று நினைத்திருப்பார் போல.) "பிரியவே பிரியாதுன்னு எழுதித் தர மாட்டேன். உங்களுக்குச் சுகர் இருக்கு, அதைக் கட்டுல வைங்க. பருப்பு, முட்டை நல்லா சாப்பிடுங்க."

பருப்பு! அத்தையிடம் அன்றே சொன்னேன். காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

பழைய தழும்பை வெட்டி எடுத்துவிட்டு அதே இடத்தில் தைத்தார்கள். குளித்ததும் பருத்தித் துணியால் ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே காயவிடுவேன். மூன்றாம் வாரம் வலது ஓரத்தில் முள் மாதிரி ஏதோ குத்தியது. திரும்பவும் பிளக்கிறதோ என்று அலறியடித்துக்கொண்டு ஓடினேன். முடிச்சின் நூல் நுனி. ஒரு நொடியில் கத்தரித்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அத்தை, வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். அன்று ராத்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "வெளிய நூலே தெரியல. நல்ல கை."