முதுகுல நீலக் கோடு

அவரோட முதுகை முதல் தடவை பாத்தப்ப பச்சை குத்தியிருக்காருன்னு தான் நினைச்சேன். தோள்பட்டைக்குக் கீழ, இடுப்புக்கிட்ட, முழங்கைல, எல்லா இடத்துலயும் நீலமா சின்னச் சின்ன கோடு. அப்புறம் அவரே சொன்னாரு, நிலக்கரி மைன்ல காயம் பட்டா அந்தத் தூள் உள்ள போய் அதுக்கு மேலயே தோல் மூடிக்கும், அது அப்புறம் போகவே போகாதுன்னு. 24 வருஷம் பூமிக்கு அடியில, நிமிந்து நிக்கக்கூட உயரம் இல்லாத குகைக்குள்ள முட்டி போட்டும் குனிஞ்சும் வேலை பாத்த முதுகு அது.

நான் பிசியோதெரபிஸ்ட். அமெரிக்காவுல கென்டக்கி மாநிலத்தோட கிழக்கு ஓரம், அப்பலாச்சியா மலைப்பக்கம், ஃப்ளாய்ட் கவுண்டின்னு ஒரு இடம், அங்க ஒரு சின்ன கிளினிக்ல 2010ல இருந்து ஏழு வருஷம் வேலை பாத்தேன். அங்க எல்லாரும் எல்லாரையும் 'ஹனி'ன்னு தான் கூப்பிடுவாங்க, எங்க ஈரோட்டுப் பக்கம் 'கண்ணு'ன்னு சொல்றோமே அதே தொனி, அதனாலயே அந்த ஊரு எனக்கு சீக்கிரம் ஒட்டிக்கிச்சு.

இப்ப இதை எழுத உக்காந்ததுக்கு காரணம், ரெண்டு வாரம் முன்னாடி இங்க ஒரு தமிழ்க் குடும்பத்து விசேஷத்துல சாப்பிட்டுட்டு இருக்கும்போது வந்த ஒரு பேச்சு. அந்த மலைக்காரங்க பாதிப் பேர் வேலைக்குப் போக சோம்பேறித்தனப்பட்டு டிஸெபிலிட்டின்னு பொய் சொல்லி மாசாமாசம் செக் வாங்குறாங்க, நம்ம டாக்ஸ் பணம், அங்க ஒரு வக்கீல் கூட மாட்டினானேன்னு ஒரு அண்ணன் சொன்னாரு. நல்ல மனுஷன் தான் அவரு, நியூஸ்ல பாத்ததைச் சொல்றாரு. அந்த இடத்துல ரெண்டு வரியில பதில் சொல்ற விஷயம் இல்லை இது, அதனால வாயை மூடிட்டு வந்துட்டேன், ஆனா மனசு ஆறவே இல்லை.

முதல்ல அந்த செக் என்னன்னு சொல்லிடுறேன். சோஷியல் செக்யூரிட்டி டிஸெபிலிட்டி இன்ஷூரன்ஸ், சுருக்கமா எஸ்எஸ்டிஐன்னு பேரு. இது தர்மம் இல்லை, வேலை பாக்குற காலத்துல ஒவ்வொரு சம்பளத்துலயும் பிடிச்ச வரியில இருந்து வர்ற இன்ஷூரன்ஸ். உடம்பு முடியாம போச்சுன்னா சோஷியல் செக்யூரிட்டிங்கிற அரசாங்க ஆபீஸ்ல அப்ளை பண்ணணும், பெரும்பாலான பேரை முதல் தடவையே முடியாதுன்னு திருப்பி அனுப்பிடுவாங்க, அப்புறம் அப்பீல், அப்புறம் ஒரு ஜட்ஜ் முன்னாடி விசாரணை, எல்லாம் முடிய ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். கிடைச்சா மாசம் ஆயிரத்துச் சொச்சம் டாலர், அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் காத்திருந்தா தான் மெடிகேர்ங்கிற ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ். வேலை போனா ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸும் கூடவே போயிடுற நாட்டுல இந்த மெடிகேர் எவ்வளவு பெரிய விஷயம்னு அங்க இருந்து பாத்தா தான் தெரியும்.

இப்ப வேலையில்லாத் திண்டாட்டத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னா, சம்பந்தம் நிச்சயமா இருக்கு, நான் மறுக்கவே மாட்டேன். 2008-09ல வேலைவாய்ப்பு படுத்துச்சே, 2009 அக்டோபர்ல அமெரிக்காவுல வேலையில்லாதவங்க 10 சதவீதம், அடுத்த வருஷம் 2010ல எஸ்எஸ்டிஐக்கு வந்த அப்ளிகேஷன் 29 லட்சத்துக்கு மேல, அதுவரைக்கும் அப்படி வந்ததே இல்லை. அப்புறம் வேலை திரும்ப வர வர அப்ளிகேஷனும் இறங்கி 2019 வாக்குல சுமார் 20 லட்சத்துக்கு வந்துடுச்சு. கரி விஷயத்துலயே இதை ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, 2002ல வந்த ஒரு பொருளாதார ஆய்வு, கென்டக்கி மேற்கு வர்ஜீனியா பக்கத்து கரி கவுண்டிகளை எடுத்துப் பாத்தா, 70கள்ல கரி விலை ஏறி வேலை கொழிச்சப்ப டிஸெபிலிட்டி வாங்குறவங்க குறைஞ்சாங்க, 80கள்ல விலை விழுந்தப்ப கூடுனாங்க.

இதைப் பாத்த உடனே எல்லாரும் கேக்குறது, உடம்பு நோவு கரி விலையைப் பாத்தா வரும்? அப்ப பொய் தானேன்னு.

இல்லை. என் டேபிள்ல படுத்த உடம்புகளை வச்சுச் சொல்றேன். அந்த நீலக் கோடு பெரியவரு மைன் மூடுறதுக்கு முந்தின நாள் வரைக்கும் வேலைக்குப் போனாரு. டிஸ்க் ரெண்டு நகர்ந்து, வலது காது கேக்காம, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குற நிலைமையில தான் போனாரு. மாத்திரை போட்டுக்கிட்டு போனாரு. ஷிஃப்ட்ல கூட இருக்கிற பசங்க கனமானதை எல்லாம் அவங்களே தூக்கிட்டு இவரை மெஷின் பக்கம் நிக்க விட்டாங்க. வேலை இருந்த வரைக்கும் அவர் தொழிலாளி. 2012ல மைன் மூடின அடுத்த நாள் அதே முதுகு, அதே கால், அதே மூச்சு, ஆனா 54 வயசுல எட்டாங்கிளாஸ் படிப்போட வேற எந்த முதலாளி எடுப்பான்? கிழக்கு கென்டக்கில 2011ல 13,000 பேருக்கு மேல கரி வேலையில இருந்தாங்க, 2016ல அது நாலாயிரத்துக்குப் பக்கம் வந்துடுச்சு. வேலை போனதும் நோவு புதுசா வரலை, அதை மறைச்சு வச்சிருந்த வேலை தான் போச்சு.

சட்டமும் இதைப் பாதி ஒத்துக்குது. அவங்க ரூல்ல ஒரு கட்டம் போட்ட டேபிள் இருக்கு, வயசு, படிப்பு, முன்னாடி பாத்த வேலை, இப்ப எவ்வளவு வெயிட் தூக்க முடியும், நாலையும் சேத்துப் பாப்பாங்க. அதனால 55 தாண்டின, பள்ளிக்கூடம் முடிக்காத, முதுகு போன ஆளுக்கு கிடைக்கிறது அதே முதுகோட 35 வயசுல இருக்கிறவனுக்கு கிடைக்காது. ஆனா அதே சட்டத்துல இன்னொரு வரி இருக்கு, என்னைப் பொறுத்த வரைக்கும் மொத்த சிக்கலும் அந்த வரியில தான். உங்க ஊர்ல வேலை இருக்கா இல்லையா, உங்களை யாராவது எடுப்பாங்களா, அதெல்லாம் கணக்குல வராது, நாட்டுல வேற பல பகுதிகள்ல அந்த மாதிரி வேலை கணிசமா இருந்தா போதும், நீங்க டிஸேபிள்ட் இல்லை. அதாவது "எங்க ஊர்ல மைன் மூடிடுச்சு, நூறு மைலுக்கு எனக்கு ஏத்த வேலை இல்லை, வீட்டை வித்துட்டுப் போகலாம்னா வாங்க ஆள் இல்லை"ன்னு ஒருத்தர் உண்மையைச் சொன்னா அந்த உண்மைக்கு அங்க மதிப்பே இல்லை. உடம்பைப் பத்தி மட்டும் தான் பேசணும், அதனால மனுஷங்க உடம்பைப் பத்தி மட்டும் பேசக் கத்துக்கிட்டாங்க, சில பேர் கொஞ்சம் கூட்டியும் பேசினாங்க.

கூட்டிப் பேசினவங்களை நானும் பாத்திருக்கேன். முப்பது வயசு இருக்கும் ஒரு பையன், மைன்ல இருந்து நிறுத்தி எட்டு மாசம், வேலையில்லாதவங்களுக்கு கொடுக்கிற 26 வார உதவிப் பணமும் முடிஞ்சுடுச்சு, ரெண்டு குழந்தை. கிளினிக்குள்ள நொண்டிக்கிட்டே வருவான். ஒரு நாள் ஜன்னல் வழியா பாக்கிறேன், பார்க்கிங்ல ஐஸ் பெட்டியை ரெண்டு கையால அலேக்கா தூக்கி டிரக்குல வைக்கிறான், அப்புறம் கதவுக்கிட்ட வந்ததும் காலை இழுக்க ஆரம்பிச்சான். உள்ள வந்து, "ஹனி, அந்த நம்பர் எல்லாம் கொஞ்சம் குறைச்சு எழுதிக் குடேன், பத்து பவுண்டு தான் தூக்குறேன்னு போடேன்"னு கேட்டான். முடியாதுன்னு சொன்னேன். கோபப்படுவான்னு நினைச்சேன், தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "வேலை இருந்தா நான் ஏன் உன்கிட்ட வந்து இப்படி கேக்கப் போறேன்"னான். அவன் பண்ணது தப்பு தான், அதை வேற பேர் சொல்லி மூட மாட்டேன். அவன் கேஸ் நிக்கவும் இல்லை, அடுத்த வருஷம் குடும்பத்தோட ஒஹையோவுக்குப் போயிட்டான்னு கேள்விப்பட்டேன். நடிச்சுப் பாத்தவனுக்கு அந்த செக் கிடைக்கலைங்கிறதையும் சேத்துத் தான் சொல்லணும்.

இனி அந்த வக்கீல் கதைக்கு வரேன், ஏன்னா எல்லாரும் அதைத் தான் உதாரணம் காட்டுறாங்க. எரிக் கான். எங்க கவுண்டிலயே ஸ்டான்வில்ங்கிற ஊர்ல, 23ஆம் நம்பர் ஹைவே ஓரத்துல அவன் ஆபீஸ். டிரெய்லர் வீடுகளை ஒண்ணோட ஒண்ணு சேத்துக் கட்டினது, முன்னாடி பார்க்கிங்ல பிரம்மாண்டமா உக்காந்திருக்கிற லிங்கன் சிலை, ரோடு பூரா விளம்பர போர்டு, 'மிஸ்டர் சோஷியல் செக்யூரிட்டி'ன்னு அவனுக்கு அவனே வச்சுக்கிட்ட பேரு. நான் தினம் அந்த வழியா தான் வேலைக்குப் போவேன். எரியிற வீட்டுல புடுங்குனது லாபம்னு சொல்வாங்களே, அதை முழுநேரத் தொழிலா பண்ணவன். மேற்கு வர்ஜீனியாவுல ஹன்டிங்டன் சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ்ல டேவிட் டாஹர்ட்டின்னு ஒரு ஜட்ஜ், அவருக்கு மாசாமாசம் பணம், மொத்தத்துல 6 லட்சம் டாலருக்கு மேல. அவர் மத்த ஜட்ஜுகளோட கேஸைக் கூட எடுத்துக்கிட்டு கானோட ஆளுங்களுக்கு வரிசையா சரின்னு எழுதிக் கொடுத்தாரு. 2010 நிதியாண்டுல 1,284 கேஸ் பாத்து அதுல நாலே நாலு கேஸ்ல தான் முடியாதுன்னாரு. வேலியே பயிரை மேஞ்ச கதை. சில டாக்டர்கள் முன்னாடியே நிரப்பி வச்ச ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் போட்டாங்க, பேரு மட்டும் மாறும், நோவு எல்லாருக்கும் ஒரே நோவு.

இதைக் கண்டுபிடிச்சது அந்த ஹன்டிங்டன் ஆபீஸ்லயே வேலை பாத்த ரெண்டு பெண்கள், சாரா கார்வர், ஜெனிஃபர் கிரிஃபித். வருஷக்கணக்கா சொல்லியும் மேல யாரும் கேக்கலை, சொன்னவங்களைத் தான் படாத பாடு படுத்தினாங்க, அப்படிப் பழிவாங்க சதி பண்ணேன்னு அந்த ஆபீஸ் தலைமை ஜட்ஜே பின்னாடி கோர்ட்டுல ஒத்துக்கிட்டாரு. 2011ல பேப்பர்ல வந்து, 2013ல செனட் விசாரணை நடந்து, 2017 மார்ச்ல கான் குற்றத்தை ஒத்துக்கிட்டான், ஜூன்ல கால்ல மாட்டியிருந்த கண்காணிப்புக் கருவியை வெட்டிப் போட்டுட்டு ஓடி, டிசம்பர்ல ஹோண்டுராஸ்ல பிடிபட்டான். மொத்தம் 27 வருஷ தண்டனை விதிச்சாங்க.

ஆனா அதுக்கு முன்னாடியே, 2015 மே மாசமே, அவனோட க்ளையன்ட்டுகளுக்கு லெட்டர் வந்துடுச்சு.

நீலக் கோடு பெரியவருக்கு இல்லை, அவரோட அண்ணனுக்கு. அவரும் என் பேஷன்ட் தான், அறுபதை நெருங்குறவரு, 2008ல கான் மூலமா செக் வாங்கினவரு. சட்டைப் பையில நாலா மடிச்சு வச்சிருந்த லெட்டரை எடுத்து டேபிள்ல வச்சுட்டு, "படிச்சு சொல்லு ஹனி, என் கண்ணாடி கொண்டு வரலை"ன்னாரு. கண்ணாடி கழுத்துலயே தொங்குது. நான் படிச்சேன். உங்க கேஸ்ல மோசடி நடந்திருக்கும்னு நம்ப காரணம் இருக்கு, பணத்தை நிறுத்துறோம், இன்னின்ன நாலு டாக்டர் கொடுத்த ஃபார்ம் எதுவும் செல்லாது, அந்தக் காலத்துல உங்களுக்கு உண்மையிலேயே முடியாம இருந்துச்சுன்னு காட்டுற வேற ரெக்கார்டு இருந்தா சீக்கிரம் அனுப்புங்க. ஏழு வருஷத்துக்கு முந்தின ரெக்கார்டு! அப்ப அவர் போன கிளினிக்கே மூடியாச்சு, ஃபைல் எங்கன்னு யாருக்கும் தெரியலை, கானோட ஆபீஸ்லயோ டன் கணக்குல பேப்பரை அழிச்சிருக்காங்க. இப்ப எடுத்த எம்ஆர்ஐல அவர் முதுகெலும்பு எந்த நிலைமையில இருக்குன்னு நான் கண்ணால பாக்கிறேன், ஆனா இப்ப எடுத்தது உதவாதாம், அப்ப எடுத்தது தான் வேணுமாம்.

சுமார் 900 பேருக்கு அப்படி பணம் உடனே நிறுத்துறதா லெட்டர் போச்சு. அடுத்த சில வாரத்துலயே தற்கொலைகள் நடந்துச்சு. ஊரே கொந்தளிச்சு, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஹால் ராஜர்ஸ் தலையிட்ட பிறகு விசாரணை முடியிற வரைக்கும் பணம் தரோம்னு இறங்கி வந்தாங்க. பிரஸ்டன்ஸ்பர்க்ல நெட் பில்லர்ஸ்டார்ஃப்னு ஒரு வக்கீல், இவங்களுக்கு இலவசமா வாதாட வெளியூர்ல இருந்தெல்லாம் வக்கீல்களை வரவழைச்சாரு. அப்படியும் மறுவிசாரணைக்குப் போன சுமார் 1,500 பேர்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு செக் போச்சு. நீலக் கோடு பெரியவரோட அண்ணனுக்கும் போச்சு. க்ளையன்ட்டுங்க லஞ்சத்துல கூட்டுன்னு அரசாங்கம் சொல்லவே இல்லைங்க, அவங்களுக்கு வக்கீல் வேணும், ரோட்டுல போர்டு இருந்துச்சு, போனாங்க, அவ்வளவு தான். 2018 நவம்பர்ல அப்பீல் கோர்ட்டு, மோசடின்னு சொல்ற ஆதாரத்தை இவங்க மறுத்துப் பேசவே விடாம ஒதுக்கினது தப்புன்னு தீர்ப்புச் சொல்லுச்சு. அந்தத் தீர்ப்பு வர்றப்ப லெட்டர் வந்து மூணரை வருஷம் ஆகிப் போச்சு. அதுக்குள்ள அவர் டிரக்கை வித்து, அப்புறம் வீட்டுக்குப் பின்னாடி இருந்த நிலத்தை வித்து, தம்பி வீட்டுல ஒண்டிக்கிட்டாரு.

அதே மலையில, அதே சமயத்துல இன்னொண்ணும் நடந்துச்சு, அதை யாரும் விசேஷத்துல பேசுறதில்லை. 2016 டிசம்பர்ல ஒரு அரசாங்க அறிக்கை வந்துச்சு, கிழக்கு கென்டக்கில ஒரே ஒரு எக்ஸ்ரே டாக்டர்கிட்ட ரெண்டு வருஷத்துக்குள்ள 60 பேருக்கு ப்ளாக் லங்கோட முத்தின வகை, கரியும் கல்தூளும் சேந்து நுரையீரல் கட்டியாகிப் போற நோய். அதுல நிறைய பேர் வேலை போன பிறகு தான் எக்ஸ்ரே எடுக்கவே வந்தாங்கன்னு நான் கண்ணால பாத்தேன், வேலையில இருக்கும்போது எடுத்து விஷயம் வெளிய தெரிஞ்சா நிறுத்திடுவாங்கன்னு பயம். வேலை போனதும் க்யூவுல நிக்கிற இந்த மனுஷங்களைத் தான் புள்ளிவிவரத்துல பாத்துட்டு, வேலை போனதும் நோவு வந்துடுச்சு பாருன்னு சொல்றோம்.

நான் இப்ப வேற மாநிலத்துல, வேற கிளினிக்ல இருக்கேன். அந்த லெட்டரைப் படிச்ச நாள்ல இருந்து என் நோட்ஸை மாத்திக்கிட்டேன். முன்னாடி 'இடுப்பு வலி, முன்னேற்றம் உண்டு'ன்னு ஒரு வரியில முடிச்சிடுவேன். இப்ப அளந்து எழுதுறேன், ஒவ்வொரு மூணு மாசத்துக்கும் ஒரு காப்பி எடுத்து அவங்க கையில கொடுத்து, தொலைச்சிடாதீங்க, பத்து வருஷம் கழிச்சு யாராவது கேப்பாங்கன்னு சொல்லி அனுப்புறேன். இந்த வாரம் ஒரு குடோன் தொழிலாளிக்கு எழுதினது: 15 பவுண்டு இடுப்பு உயரம் வரைக்கும் தூக்கினார், தோள் உயரத்துக்கு முடியலை. 12 நிமிஷம் நின்னதும் வலது பாதம் மரத்துப் போச்சு. மூணு தடவை உக்கார இடம் கேட்டார். நாளைக்கு ஷிஃப்ட் இருக்கு, போயே ஆகணும்னு சொன்னார்.