பச்சை விளக்கு வரும்வரை

இணையச் சேவை நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர் அழைப்புகளை எடுப்பது என் வேலை. 2020 மார்ச் 11 அன்று உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. சில நாட்களில் ஹெட்செட்டையும் லேப்டாப்பையும் கையில் கொடுத்து எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் எதிரொலி. கடைசியில் பீரோவைத் திறந்துவைத்து, தொங்கும் சட்டைகளுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். துணி சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு வருடத்துக்கு மேல் அதுதான் என் ஆபீஸ்.

புகார் ஒன்றேதான்: "நெட் ஸ்லோ." முன்பெல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் நெரிசல் இருக்கும், இப்போது காலையிலேயே தொடங்கிவிடும். பல வீட்டு இணைப்புகளில் டவுன்லோடுக்குப் பெரிய வாசல், அப்லோடுக்குச் சின்ன ஜன்னல். அந்த ஜன்னல் வழியாக வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோவில் தங்கள் முகத்தை வெளியே அனுப்பினால் எப்படி? ஐரோப்பாவில் நெரிசலுக்குப் பயந்து நெட்ஃப்ளிக்ஸே வீடியோ தரத்தைக் குறைத்த மாதம் அது. "கேமராவை அணைத்துப் பாருங்கள்" என்று எத்தனை பேரிடம் சொன்னேனோ, கணக்கில்லை.

அதற்கும் சரியாகாவிட்டால் ரவுட்டரை அணைத்து 30 விநாடி கழித்துப் போடச் சொல்வோம். உள்ளே தேங்கிய மின்சாரம் முழுசாக வடியத்தான் அந்த 30 விநாடி. பிறகு விளக்குகள் கண்சிமிட்டி, பச்சை நிலைக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் மியூட்டைப் போட்டுவிட்டுக் குறிப்பு எழுதுவது எங்கள் வழக்கம். ஓர் அழைப்புக்குச் சராசரியாக 6 நிமிடம் என்று இலக்கு வைத்திருந்தார்கள்.

ஊரடங்கில் அந்த மௌனத்தை யாரும் சும்மா விடவில்லை. "நீங்களும் வீட்லதான் இருக்கீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஒரு அம்மா விளக்கு பச்சையான பிறகும் "இன்னும் ஆரஞ்சுதான்" என்றார். எங்கள் திரையில் இணைப்பு வந்துவிட்டது தெரிந்தது. நானும் ஆரஞ்சு என்றே வைத்துக்கொண்டேன்.

தனியாக வசித்த பெரியவர் ஒருவரின் கணக்கைத் திறந்தபோது, இரண்டே வாரத்தில் 11 அழைப்புகள். வரிசையில் யார் கிடைக்கிறார்களோ அவர்களுக்குப் போகும் அழைப்பு என்பதால், ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஊழியர். எல்லாக் குறிப்பும் ஒன்றுதான்: "ரீஸ்டார்ட் செய்யப்பட்டது. பழுதில்லை." ஒன்பதாவது குறிப்பில் மட்டும் யாரோ ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: "கொஞ்சம் பேசுங்கள்." நான் 19 நிமிடம் பேசினேன். பேச்சு பெரும்பாலும் அவர் முன்பு வேலைபார்த்த அச்சகத்தைப் பற்றி. அந்த மாதத் தர ஆய்வில் அந்த அழைப்புக்கு மதிப்பெண் குறைத்தார்கள். காரணம்: "நேர விரயம்." கோபம் வந்தது. ஆனால் மறுத்து எழுதவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

அடுத்த வருடம் ஆபீஸுக்குத் திரும்பிய பிறகு, அதே பெரியவரின் அழைப்பு தற்செயலாக எனக்கே வந்தது. இந்த முறை நிஜமாகவே ஸ்லோ. மகன் குடும்பத்தோடு வந்திருந்தார். ஒரே நேரத்தில் 9 கருவிகள் ஓடிக்கொண்டிருந்தன. பின்னால் குழந்தைகளின் கூச்சல். "அச்சகத்துக் கதையைப் பாதியில் விட்டுட்டீங்களே" என்றேன். "இப்ப நேரமில்லப்பா, சீக்கிரம் பாத்துச் சொல்லு" என்றார்.

நாலே நிமிடத்தில் முடிந்தது.