தவளை பார்க்க வால்பாறை

செலவுக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. வால்பாறையிலிருந்து தங்குமிடத்துக்கு 800 ரூபாய் என்று பேசி ஏறிய ஜீப், இறங்கும்போது 1,500 கேட்டது. "மழைங்க சார், ரோடு மோசம்" என்றார் ஓட்டுநர். ஜூன் மாதம் வால்பாறையில் மழை பெய்யும் என்பது அன்றுதான் தெரிந்ததாக்கும்! சண்டை போட்டு 1,200-க்கு முடித்தேன். அதற்கு முன் பொள்ளாச்சி பேருந்தில் ஜன்னல் மூடாமல், ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளும் நனைந்துகொண்டே ஏறியிருந்தேன்.

அடுத்து அறை வாடகையைச் சொல்லவேண்டும். ஆனால் அன்று ராத்திரி பார்த்ததைச் சொல்லாமல் கை ஓடவில்லை.

"காட்டுக்குள்ள அனுமதி இல்லாம போகக் கூடாதுங்க, யானையும் நிக்கும்" என்று சொல்லி, வீட்டுக்காரர் கொல்லைப்புறக் குட்டைக்குக் கூட்டிப்போனார். தண்ணீருக்கு மேல் சாய்ந்த கிளையில் ஆனைமலைப் பறக்கும் தவளை ஒரு ஜோடி! பச்சை முதுகில் கரிய வரிகள், விரல்களுக்கு இடையே ஆரஞ்சு ஜவ்வு. அதை விரித்துத்தான் மரத்திலிருந்து சறுக்கி இறங்குமாம். 2000-ல்தான் இதைத் தனி இனமாக அறிவித்தார்கள். பெண் தவளை பின்னங்கால்களால் அடித்து அடித்து நுரை எழுப்பி, அதற்குள் முட்டையிடுகிறது. நுரையின் மேல்பக்கம் காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். சில நாளில் தலைப்பிரட்டைகள் நேராகக் கீழே குட்டையில் விழும். தண்ணீரிலேயே முட்டையிட்டால் மீனுக்கும் பூச்சிக்கும் விருந்து. என்ன சாமர்த்தியம் பாருங்கள்!

என்னை அசத்தியது அதுகூட இல்லை. தேயிலைச் செடிகளிலிருந்து தட்டச்சு இயந்திரம் போல 'டிக் டிக்' என்று விடாத சத்தம். தேடித் தேடி டார்ச் அடித்தால், கட்டைவிரல் நுனியளவு புதர்த்தவளை, தொண்டை மட்டும் பலூனாக உப்பியிருந்தது. இந்தப் புதர்த்தவளைகளுக்குக் குட்டையே வேண்டாம். தலைப்பிரட்டைப் பருவம் முழுவதும் முட்டைக்குள்ளேயே முடிந்து, குட்டித் தவளையாகவே வெளியே வரும். ஈரக்காற்று இருந்தால் போதும். அதனால்தான் சொல்கிறேன், வெயில் காலத்தில் வந்து தேயிலைத் தோட்டத்தில் செல்ஃபி எடுத்துவிட்டுப் போவது வீண்.

வாடகை 1,400, சாப்பாடு தனி. சுடச்சுடக் கஞ்சியும் கருவாட்டுத் துவையலும் அந்தக் குளிருக்கு அமிர்தம். அட்டைக் கடிக்கு முழங்கால் வரை காலுறை கொண்டுபோங்கள். கொசு மருந்து தடவிய கையோடு தவளையைத் தொடவே தொடாதீர்கள். அது தண்ணீரைத் தோல் வழியாகத்தான் உறிஞ்சுகிறது, மருந்தும் அப்படியே உள்ளே போகும்.